ரீமார்க்கபிள் 2 பலகையில் மாந்தோப்புக் கணக்குத் தாள்

கேள்வி (காவேரிப்பட்டணம்): பெங்களூரா, மல்கோவா மரங்களுக்கு மருந்தடித்த நாளையும் காய்ப்பையும் குறித்துவைக்க, கட்டம் போட்ட தாள் ஒன்றை ரீமார்க்கபிள் 2 என்ற மின்தாள் எழுத்துப்பலகையில் நானே சேர்க்க இயலுமா? தமிழ் இபப் மின்னூல்களையும் விரும்பிய எழுத்துருவில் படிக்க வேண்டும்.

பதில் (தருமபுரி): இயலும் ஐயா. உள்ளே இயங்குவது லினக்ஸ் இயங்குதளம் என்பதால், அமைப்புகள் பகுதியில் காட்டப்படும் கடவுச்சொல்லைக் கொண்டு யூஎஸ்பி வழியே 10.11.99.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்எச் (கணினியிலிருந்து கட்டளைகள் வழியே கருவியை இயக்கும் முறை) மூலம் நுழைந்து, 1404×1872 புள்ளி அளவுள்ள பிஎன்ஜி படத்தை வார்ப்புருக் (தாள் மாதிரிகளின்) கோப்புறையில் இட்டு, அங்குள்ள ஜேசன் வடிவப் பட்டியல் கோப்பில் அதன் பெயரையும் சேர்த்து, கருவியை மறுதொடக்கம் செய்யுங்கள். கோடுகள் வெளிர் சாம்பலாக இருக்கட்டும். கறுப்பாக இருந்தால் கையெழுத்து எடுபடாது. இயங்குதளப் புதுப்பிப்பு வந்தால் இவை அழியக்கூடும் என்பதால் கணினியிலும் ஒரு படி வைத்திருங்கள்.

பதில் (ஓசூர்): படிப்பதற்குத் தன்னார்வலர்கள் உருவாக்கிய கோரீடர் என்ற மின்னூல் படிப்புச் செயலியையே பரிந்துரைப்பேன்; எழுத்துருக் கோப்பை அதன் எழுத்துருக் கோப்புறையில் இட்டால் போதும். டோல்டெக் என்ற ரீமார்க்கபிளுக்கான மென்பொருள் களஞ்சியம் வழியாக நிறுவுவதாயின், உங்கள் இயங்குதளப் பதிப்பை அது ஆதரிக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்; பொருந்தாத பதிப்பில் நிறுவினால் கருவி தொடங்காமலே போகலாம்.