மறு: ஓப்பன்எம்ஆர்எஸ் தமிழாக்கம் – 'வாய்ட்' என்பதற்கு 'நீக்கு' போதுமா?

> வாய்ட் – நீக்கு, பர்ஜ் – முழுமையாக நீக்கு. எளிமையாக இருக்கட்டுமே.

வணக்கம்.

எளிமை சரி, ஆனால் 'நீக்கு' இங்கே பொய்யாகிவிடும். ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருளில் ஒரு பதிவை வாய்ட் செய்தால் அது திரையில்தான் மறையும். யார் செய்தார், எப்போது, என்ன காரணம் என்ற குறிப்போடு தரவுத்தளத்தில் அப்படியே கிடக்கும். பர்ஜ்தான் நிஜமாகவே இல்லாமல் ஆக்குவது. நாளைக்கு ஒரு நோயாளி 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி, "என் விவரங்களை அழியுங்கள்" என்று கேட்டால், 'நீக்கு' பொத்தானை அழுத்திய ஊழியர் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்.

புதுச்சேரியில் கேஸ் ஷீட் எழுதும் செவிலியர்களுக்கு இது புதிதல்ல. தவறாக எழுதியதன் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. ஒயிட்னர் கூடாது. "அடிச்சுட்டேன்" என்பார்கள். பத்திரங்களில் வரும் 'அடித்தல் திருத்தல்' இதேதான். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் கணினி முன்னால் 'அடி' என்றால் யாரும் டைப் செய் என்றுதான் புரிந்துகொள்வார்கள்!

முந்தைய மடலில் வாய்ட் என்பதற்கு 'ரத்து செய்' வந்தது. பஸ் டிக்கெட்டுக்குப் பொருந்தும். மருந்துக் குறிப்பின் மேல் 'ரத்து' என்றிருந்தால், டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டார் என்று படிக்க இடமுண்டு. நடந்ததோ வெறும் பதிவுப் பிழை. வாய்ட் செய்ததைத் திரும்பக் கொண்டுவரும் அன்வாய்ட் வேறு இருக்கிறது. 'ரத்தை ரத்து செய்' என்றா பொத்தானில் எழுதுவது?

என் பரிந்துரை: வாய்ட் – செல்லாததாக்கு, அன்வாய்ட் – செல்லுபடியாக்கு, பர்ஜ் – அழி. செல்லாத நோட்டு கையில் இருக்கும், கடையில் எடுபடாது. அதே பொருள்தான் இங்கும். மருந்துப் பெயர், படிவ வகை போன்றவற்றுக்கு வரும் 'ரிட்டயர்' பற்றி: 'ஓய்வு' வேண்டாம், மாத்திரை பென்ஷன் வாங்கப் போவதில்லை. 'புழக்கம் நிறுத்து' எனலாமா?

– புதுச்சேரியிலிருந்து

> 'புழக்கம் நிறுத்து' எனலாமா?

மருந்துப் பெயருக்கு நேரே அப்படி இருந்தால், அரசு தடை செய்துவிட்டது என்று நினைப்பார்கள் ஐயா. பழைய பதிவுகளில் பெயர் இருக்கும், புதிதாகத் தேர்வு செய்ய வராது, அவ்வளவுதானே? 'பட்டியலிலிருந்து விலக்கு' போதும்.

'செல்லாததாக்கு' எனக்குச் சம்மதம். கைபேசித் திரையில்தான் இரண்டு வரியாக உடைகிறது. பொத்தானில் மட்டும் 'செல்லாது' என்று வைத்துவிட்டு, காரணம் கேட்கும் பெட்டியில் முழுச் சொல்லையும் போடுகிறேன்.

– கடலூரிலிருந்து