இக்காரஸ் விழும் படத்தில் மேய்ப்பன் எதைப் பார்க்கிறான்?

தண்டையார்பேட்டை வாசகர்:
பிரசல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள, பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகலின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இக்காரஸ் ஓவியத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கிரேக்கப் புராணக் கதையில் தந்தை டெடாலஸ் மெழுகால் ஒட்டிக் கொடுத்த சிறகுகளோடு சூரியனை நெருங்கியதால் மெழுகு உருகிக் கடலில் விழுந்த பையன், இதில் வலது மூலையில் தண்ணீருக்கு மேல் உதைக்கும் இரண்டு கால்களாக மட்டுமே இருக்கிறான். அதுகூடப் போகட்டும், கோலூன்றி நிற்கும் மேய்ப்பன், விழுந்தவனுக்கு முதுகைக் காட்டியபடி வெறும் வானத்தை ஏன் அண்ணாந்து பார்க்கிறான்?

திருவொற்றியூர் ஆசிரியை:
பிரசல்ஸிலேயே வான் பியூரன் அருங்காட்சியகத்தில், இதே காட்சி மரப்பலகையில் தீட்டப்பட்ட இன்னொரு படமாக இருக்கிறது. அதில் டெடாலஸ் வானத்தில் பறந்துகொண்டிருக்கிறார். நீங்கள் பார்த்தது 1912-இல் வாங்கப்பட்ட துணி ஓவியம். அது புரூகலே வரைந்ததல்ல, அவருடைய மூலத்தைப் பார்த்து எழுதிய நகல் என்றே ஆய்வாளர்கள் பலர் இன்று கருதுகிறார்கள். நகலெடுத்தவர் தந்தையை விட்டுவிட்டு, மேய்ப்பனின் பார்வையை மட்டும் வைத்துக்கொண்டார் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

காசிமேட்டுக்காரன்:
மேய்ப்பனை விடுங்கள், கரையோரத்தில் குனிந்திருக்கும் தூண்டில்காரனைப் பாருங்கள். எங்கள் பக்கம் கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்களில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களும், பின்னால் சாலையில் எது நடந்தாலும் மிதவையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அந்த முதுகை ஓவியர் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆனால் சூரியன் அடிவானத்தில் பாதி மூழ்கிக் கிடக்கிறதே, அந்த வெயிலில் மெழுகு எப்படி உருகும்?

ராயபுரம் வாசகர்:
சூரியன் இறங்கும்வரை அவன் விழுந்துகொண்டே இருந்தான் என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கதையின் மூலமான, ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் 'உருமாற்றங்கள்' நூலில், எட்டாம் பகுதியில், தூண்டில்காரன், மேய்ப்பன், உழவன் ஆகிய இதே மூவரும் வானத்தில் பறக்கும் இருவரையும் கண்டு, தேவர்களோ என்று திகைத்து நிற்கிறார்கள். ஓவியர் மூவரையும் அப்படியே எடுத்துக்கொண்டு திகைப்பை மட்டும் நீக்கிவிட்டார்; உழவன் தன் படைச்சாலை விட்டு நிமிரவே இல்லை. வேண்டுமென்றே கதையைத் தலைகீழாக்கியவர், சூரியனையும் அப்படித்தான் இறக்கி வைத்திருப்பார் என்பது என் கணிப்பு. தூண்டில்காரனுக்கு அருகிலுள்ள கிளையில் ஒரு கவுதாரியும் உண்டு. தொழிலில் தன்னை மிஞ்சிவிடுவான் என்ற பொறாமையில் டெடாலஸ் உயரத்திலிருந்து தள்ளிவிட்ட சகோதரி மகன், மினர்வா தேவியின் அருளால் அந்தப் பறவையானான் என்று ஓவிட் சொல்கிறார். மகனைப் புதைக்கும் தந்தையைக் கண்டு அது சிறகடித்து மகிழ்ந்ததாம்.