ஆளுமையின் ஐந்து பரிமாணங்களை எமது மக்களிடம் அளப்பது எப்படி?

கேள்வி: உளவளத்துணை உதவியாளர், முல்லைத்தீவு மாவட்டம்

வணக்கம். ஐம்பெரும் காரணிகள் எனப்படும் திறந்த மனம், கடமையுணர்வு, வெளிமுகத்தன்மை, இணங்கிப்போகும் இயல்பு, உணர்ச்சித் தளம்பல் ஆகியவற்றை அளக்கும் 44 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தின் தமிழ் வடிவமொன்றை, எமது பிரிவிலுள்ள சில கிராமங்களில் வளர்ந்தோரிடம் வாசித்துக் காட்டி விடை பெற்று வருகிறேன். பலருக்கு உணர்ச்சித் தளம்பல் மிக உயர்வாக வருகிறது. இதை அவர்களுடைய இயல்பு என்று எழுதிவிடலாமா? சுயதொழிற் பயிற்சிக்கு ஆட்களைத் தெரிவுசெய்யவும் இப்புள்ளிகளைப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது.

மறுமொழி 1: உளவியல் கற்பிப்பவர், வவுனியா

இந்த ஐந்தும் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் உங்கள் முதற் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். 1936இல் ஓல்போட், ஒட்பேட் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவரும் ஆங்கில அகராதியொன்றிலிருந்து மனிதரை விவரிக்கும் ஏறக்குறைய 18,000 சொற்களைத் திரட்டி, நிலைத்த இயல்பைக் குறிக்கும் சுமார் 4,500 சொற்களை ஒருபுறமும், வந்துபோகும் மனநிலைகளைக் குறிப்பவற்றை மறுபுறமுமாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிப்பை நீங்கள் உங்கள் தாளிலும் செய்ய வேண்டியிருக்கிறது. பின்னர் உளவியலாளர் கற்றெல், ஒன்றோடொன்று சேர்ந்து வரும் இயல்புகளைக் கணித முறையில் சில தொகுதிகளாக்கும் காரணிப் பகுப்பாய்வின் வழியாக 16 காரணிகளை முன்வைத்தார். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக ரியூப்ஸ், கிறிஸ்ரல் ஆகியோர் செய்த ஆய்வில் ஐந்து காரணிகளே மீண்டும் மீண்டும் தோன்றின. இவை ஆட்களை அடைத்துவைக்கும் வகைகள் அல்ல. உயரத்தைப் போல ஒவ்வொன்றும் தொடர்ச்சியான அளவு. பெரும்பாலானோர் நடுப்பகுதியில் இருப்பதால், அங்கே கோடு கிழித்து ஒருவரை 'உள்முகத்தவர்' என்றும் அடுத்தவரை 'வெளிமுகத்தவர்' என்றும் எழுதுவது பிழையாகும்.

மறுமொழி 2: சமூகப்பணியாளர், மாங்குளம்

நான் இன்னொரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். 'அதிகம் கவலைப்படுவேன்', 'இலகுவில் பதற்றமடைவேன்' என்ற கூற்றுகளுக்கு, 2009இல் காணாமற்போன மகனைப் பற்றி இன்றுவரை எந்தத் தகவலும் கிடைக்காத தாய் ஒருவர் 'முற்றிலும் உண்மை' என்று விடையளித்தால், அந்த விடை அவருடைய குணத்தைச் சொல்கிறதா, அவர் சுமக்கும் இழப்பைச் சொல்கிறதா என்பதைப் புள்ளி காட்டாது. ஆகவே இழப்பு, இடப்பெயர்வு, கடன், நித்திரையின்மை ஆகியவற்றைத் தனியே கேட்டுப் பதிவுசெய்யுங்கள். இடம்பெயர்வதற்கு முன்னரும் அவர் அப்படித்தான் இருந்தாரா என்று, அவரது ஒப்புதலுடன், நீண்டகாலமாக அவரை அறிந்த உறவினரிடம் கேளுங்கள். சில மாதங்கள் கழித்து அதே வினாக்களைத் திரும்பக் கேட்பதும் உதவும். உளநெருக்கீட்டின் அறிகுறிகள் தெரிந்தால், வினாக்கொத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வழிகாட்டுவதே முதற்கடமை.

மறுமொழி 3: உளவியல் கற்பிப்பவர், வவுனியா

மாங்குளத்திலிருந்து எழுதியவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வாசித்துக் காட்டும் முறையிலும் ஓர் இடர் உண்டு. உத்தியோகத்தர் ஒருவர் முற்றத்தில் வந்திருந்து கேட்கும்போது, மரியாதை கருதி எல்லாவற்றுக்கும் 'ஓம்' சொல்லும் வழக்கம் எம்மிடம் இருக்கிறது. 'நிறையப் பேசுவேன்', 'பெரும்பாலும் அமைதியாக இருப்பேன்' ஆகிய இரண்டுக்கும் ஒருவர் உடன்பட்டால் அந்தத் தாளை ஐயத்துடன் பாருங்கள். 'அமைதியாக இருப்பேன்' போன்று, அளக்கும் இயல்புக்கு எதிர்மறையாக அமைந்த கூற்றுகளின் புள்ளிகளைத் திருப்பி (5ஐ 1ஆக, 4ஐ 2ஆக) கணக்கிட்டீர்களா என்பதையும் சரிபாருங்கள். பொலிவியாவில் வேட்டையும் பயிர்ச்செய்கையும் செய்து வாழும் சிமானே மக்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில் ஐந்து காரணிகள் தெளிவாகப் பிரியவில்லை. வளர்முக நாடுகளில் நேர்முகமாகக் கேட்டுப் பெற்ற தரவுகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டின் ஆய்வொன்றும் இத்தகைய சிக்கலையே கண்டது. கல்லூரி மாணவரிடம் நன்றாக இயங்கிய கருவி எமது கிராமங்களிலும் அவ்வாறே இயங்கும் என்று முன்கூட்டியே நம்ப இடமில்லை.

பயிற்சித் தெரிவுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். பயன் கிடைக்கும் என்று தெரிந்தால் எவரும் தம்மைக் கடமையுணர்வு மிக்கவராகவே காட்டுவார். உண்மை பேசியவர்தான் பின்தள்ளப்படுவார். தையலோ கோழிவளர்ப்போ, அந்த வேலையில் அவருக்குள்ள அனுபவத்தையும் விருப்பத்தையும் நேரிற் கேட்டுத் தெரிவுசெய்யுங்கள். ஏற்கெனவே நிரப்பிய தாள்களில் பெயர்களை நீக்கி, அலுவலகத்தில் பூட்டிவையுங்கள்.