திரிசங்கின் உச்சியில் ஒரு சிவப்பு

ராமலிங்கம் (நாகப்பட்டினம்): நேற்று இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடியிலிருந்து தெற்கே பார்த்தபோது, தென்னைகளுக்குச் சற்று மேலே சிவந்த விண்மீன் ஒன்று தெரிந்தது. செவ்வாயா, கேட்டையா என்று செல்விதான் சொல்ல வேண்டும்.

செல்வி: இரண்டும் இல்லை, மாமா. செவ்வாய் ராசிகளின் பாதையை விட்டு அவ்வளவு தெற்கே இறங்காது. கேட்டையோ மே மாதத்தில் அந்த நேரத்துக்குத் தென்கிழக்கில்தான் இருக்கும். நீங்கள் பார்த்தது, பிரகாசமான நான்கு விண்மீன்கள் சிலுவைபோல் நிற்கும் திரிசங்கின் உச்சியில் உள்ள காக்ரக்ஸ். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நாகையில் அந்த விண்மீன் தொடுவானத்திலிருந்து இரண்டு முட்டிக்குச் சற்றே கூடுதலாக, 22 பாகை வரைதான் ஏறும்.

மீனாட்சி: மற்ற மூன்றும் வெள்ளையாக இருக்கும்போது இது மட்டும் ஏன் சிவந்திருக்கிறது?

செல்வி: அந்த மூன்றும் ஏறத்தாழ 300 ஒளியாண்டுத் தொலைவில் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த, இளமையான, கொதிக்கும் விண்மீன்கள், அத்தை. காக்ரக்ஸுக்கும் அவற்றுக்கும் உறவே கிடையாது; 88 ஒளியாண்டுத் தொலைவில், நம் கண்ணுக்கு அதே திசையில் தற்செயலாக நிற்கிறது. மையத்தில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்து மையம் சுருங்க, வெளிப்பகுதி ஊதிப் பெருத்து, பரப்பின் வெப்பம் 3,600 கெல்வின் அளவுக்குக் குறைந்துவிட்டதால்தான் அந்தச் சிவப்பு. சூரியனின் பரப்பு 5,800 கெல்வின். ஆனாலும் பரப்பு அவ்வளவு விரிந்திருப்பதால் காக்ரக்ஸ் சூரியனைப் போலப் பல நூறு மடங்கு ஒளியை உமிழ்கிறது.

ராமலிங்கம்: அப்படியானால் திருவாதிரையைப் பற்றிச் சொல்வதுபோல இதுவும் ஒருநாள் வெடிக்குமா?

செல்வி: வெடிப்பதற்கு அதற்கு எடை போதாது, மாமா, சூரியனைப் போல ஒன்றரை மடங்குதான். வெளிப்பகுதி மெல்ல உதிர்ந்து, நடுவில் வெண்குறுமீன் என்ற சின்னஞ்சிறு சூடான கரு மட்டும் மிஞ்சும். சுமார் 500 கோடி ஆண்டுகளில் நம் சூரியனுக்கும் இதே கதிதான். வெடிக்கப்போவது, அடியில் சாதுவாக நிற்கும் அக்ரக்ஸ்.

குமரன் (ஆக்லாந்து): அப்பா, இங்கே திரிசங்கு ஆண்டு முழுவதும் மறைவதே இல்லை. 1902 முதல் நியூசிலாந்துக் கொடியில் அந்த நான்கையும் சிவப்பாகவே போட்டிருக்கிறார்கள். வானத்தில் சிவப்பு ஒன்றுதான்! காக்ரக்ஸிலிருந்து அக்ரக்ஸுக்கு ஒரு கோடு இழுத்து, அதே போக்கில் நாலரை மடங்கு நீட்டினால் வானத்தின் தென்துருவம் கிடைக்கும். நாகையில் அந்தப் புள்ளி தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். ஆனால் திரிசங்கு நிமிர்ந்து நிற்கும்போது அதற்கு நேர் கீழே இருப்பது தெற்குதான்.

ராமலிங்கம்: உன் பழைய பைனாகுலர் அலமாரியில் கிடக்கிறது, அதை எடுத்துக்கொண்டு இன்றும் மாடிக்குப் போகிறேன்.

செல்வி: பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள், மாமா, அதன் பிறகு மேற்கே சாயத் தொடங்கிவிடும்.