புதுப்பிப்பு: ஸ்டீலி டேன் டிரம்மர் விஷயத்தில் ஒரு திருத்தம்

போன வாரம் எழுதிய இழையில், அமெரிக்க ராக் இசைக்குழுவான ஸ்டீலி டேனின் ‘ஏஷா’ (1977) ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது ஜெஃப் போர்காரோ என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு. அவர் வாசித்தது 1975-இல் வந்த ‘கேட்டி லைட்’ ஆல்பத்தில். அப்போது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும்.

சரி, ‘ஏஷா’வில் யார்? ஏழு பாட்டு, ஆறு டிரம்மர்கள்! அதற்குள் இசைக்குழு என்பதே பெக்கர், ஃபேகன் இருவர்தான். மற்றவர்கள் பாட்டுக்குப் பாட்டு கூலிக்கு வந்தவர்கள். ‘டீகன் ப்ளூஸ்’, ‘ஹோம் அட் லாஸ்ட்’ இரண்டும் பெர்னார்ட் பர்டி. ‘ஹோம் அட் லாஸ்ட்’டை ஹெட்போனில் கேளுங்கள்: பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேர் என்ற சிறு டிரம்மில் முணுமுணுப்பு போல மெல்லிய தட்டல்கள் ஓடும். ‘ஷஃபிள்’ என்ற அந்தத் துள்ளல் தாளம்தான் அவருடைய கையெழுத்து.

தலைப்புப் பாட்டில் வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸஃபோனுக்கு அடியில் ஸ்டீவ் காட் டிரம்ஸில் பொளந்து கட்டுகிறார். நேற்று அந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை ஓட்டினேன்; வீட்டில் திட்டு.

அதே ஆல்பத்தின் ‘பெக்’ பாட்டில் வரும் கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) பற்றிப் போன வாரம் சொன்னதில் மாற்றமில்லை. பலர் வாசித்துப் பார்த்து ஒத்துவராமல், கடைசியில் ஜே கிரேடன் வாசித்ததுதான் நின்றது.

பழைய பதிவையும் திருத்திவிட்டேன்.