பேருந்து நிறுத்தக் கழிப்பறை வரைபடம் குறித்து

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம்.

நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கட்டவிருக்கும் கழிப்பறையின் வரைபடத்தைச் செயலாளர் அண்ணன் அனுப்பியிருந்தார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் எனப் பிரித்திருப்பதோடு மூன்றாவதாக ஓர் அறையும், அதற்கு வெளியிலிருந்தே நேராக நுழையும் தனிக் கதவும் வேண்டும் என்பது என் வேண்டுகோள். பக்கவாதம் வந்த கணவரைத் தாங்கி அழைத்துவரும் அம்மாள் எந்தப் பக்கம் நுழைவார்? பேத்தியோடு தனியாக வரும் தாத்தா என்ன செய்வார்? திருநர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறை அமைக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியுள்ளது. ஆனால் எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில், அவர்களுக்கென்றே பலகை மாட்டிய அறைக்குள் போவது ஊரார் கண்ணில் படவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதாகிவிடும். யாரும் பயன்படுத்தலாம் என்ற அறையில் அந்தச் சங்கடம் இல்லை. திருநங்கை ஒருவர் பெண்கள் பக்கமே போக விரும்பினாலும் யாரும் தடுக்கக் கூடாது.

அந்த அறையில் சக்கர நாற்காலி திரும்ப 5 அடி விட்டமாவது இடம் வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே மயங்கியவர் கதவின்மேல் சரிந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அசைக்கவே முடியாது. வரைபடத்தில் உள்ள சாய்தளமோ மூன்று படிகளின் நீளமே இருக்கிறது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே கணக்கு; ஒன்றரை அடி உயர்ந்த தளத்துக்கு 18 அடி வேண்டும். அவ்வளவு இடம் நம்மிடம் இல்லை, ஆகவே தளத்தைத் தாழ்த்துவதே வழி.

பெண்கள் வாசலைப் பின்புறம், கருவேலங்காட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மறைவாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் மறைவு மட்டும் போதாது. இங்கே டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சி, குடிசைப் பகுதிகளில் சரக்குப் பெட்டகங்களையே (கன்டெய்னர்) கழிப்பறையும் குளியலறையும் கொண்ட கூடங்களாக மாற்றி, சம்பளத்துக்குப் பராமரிப்பாளர்களையும் அமர்த்தியுள்ளது. அப்படியிருந்தும் இருட்டில் அங்கே நடந்துபோக அஞ்சி, இரவில் வீட்டிலேயே வாளி வைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. எனவே வாசல் தெருவிளக்கு வெளிச்சத்தில், பூக்கடைப் பக்கம் இருக்கட்டும். (டீக்கடைப் பெஞ்சுக்கு நேரெதிரே மட்டும் வேண்டாம்.) உள்ளே நல்ல தாழ்ப்பாள், பை மாட்டக் கொக்கி, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி ஆகியவை அதிகச் செலவில்லாத காரியங்கள்.

இங்கே ஒரு மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைத் திறந்தபோது, விளக்குமாறும் பினாயில் கேனும் கூரைவரை அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளுமே இருந்தன. துப்புரவுச் சாமான்களுக்கு இடம் ஒதுக்காத கட்டடங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. நம் வரைபடத்திலும் அதற்கு இடமில்லை. ஓர் அலமாரியாவது சேர்க்க வேண்டும்.

முகப்பு வளைவுக்கும் நன்கொடையாளர் கல்வெட்டுக்கும் ஒதுக்கிய தொகையைப் பராமரிப்பாளரின் சம்பளத்துக்கு மாற்றலாம் என்பது என் கருத்து. பொறியாளரிடம் திருத்திய வரைபடம் வாங்கிய பிறகே முதல் தவணையை அனுப்புமாறு பொருளாளர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.