மாடிக்கு மேல நீண்ட வேப்பங்கொம்பு: வாடைக்கு முன்னாடி எப்படிக் கழிக்கிறது?

உச்சிப்புளிக்காரன்:
கடலுக்கு ஒரு கிலோமீட்டர்ல வீடு, சுத்த மணல். சுவர்லேர்ந்து 10 அடியில வேம்பு, சுற்றளவு 5 அடி. தொடை மொத்தத்துல ஒரு கொம்பு மாடிக்கு மேல கிடக்கு. வெட்ட வர்றவர், "கவட்டுக்கு மேல மொட்டை அடிச்சு தார் பூசிட்டா காத்துக்கு நிக்கும்"ங்கிறார். சரியா? நுனியெல்லாம் வேற காஞ்சிருக்கு. கூடவே 2 தென்னையையும் கழிச்சிடலாமா?

கவாத்து:
மொட்டை அடிக்க விடாதீங்கண்ணே. வெட்டுவாயைச் சுத்தி கொத்தா துளிர் வரும். அது உள்கட்டையில பிணையாம மேலாக ஒட்டிக்கிட்டு வளரும். வெட்டுவாய் உள்ளுக்குள்ள உளுத்துக்கிட்டே போகும். துளிர் கொம்பாகிக் கனத்ததும் வாடையில முறியறது அதுதான்.

அந்தக் கொம்புல, அதோட தடிமன்ல மூணுல ஒரு பங்காவது இருக்கிற பக்கக் கிளை இருந்தா, அது வரைக்கும் குறைச்சாலே போதும். முழுசா எடுக்கணும்னா மூணு வெட்டு. மரத்துலேர்ந்து ஒன்றரை அடி தள்ளி, கீழ்ப்பக்கமா மூணுல ஒரு பங்கு அறுங்க. அதுக்கு 2, 3 அங்குலம் வெளியே தள்ளி மேலேர்ந்து அறுத்தா கொம்பு விழுந்துரும். கீழ்வெட்டு இல்லேன்னா விழுற பாரம் தூர் வரைக்கும் பட்டையை உரிச்சிரும். மிச்சக் கட்டையை, கொம்பு மரத்தோட சேர்ற இடத்துல மோதிரமாத் தடிச்சிருக்கே, அதுக்கு வெளியே ஒட்டி அறுக்கணும். அந்தத் தடிப்புலேர்ந்துதான் காயம் மூடும். தாரும் வேண்டாம், சாணியும் வேண்டாம். ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், அவ்வளவுதான். பச்சையில கால்வாசிக்கு மேல ஒரே வருஷத்துல எடுக்காதீங்க.

கயித்துக்காரன்:
மாடிக்கு மேல இருக்கிறதால நைலான் கயிறு ரெண்டு வேணும்: நுனிக்கு ஒண்ணு, அடிக்கு ஒண்ணு. மேல் கவட்டு வழியா விட்டு, கீழே தூர்ல 3 சுத்து போட்டுப் பிடிச்சா ஒரு ஆள் மெதுவா இறக்கலாம். கையில சுத்திக்கிட்டு இழுக்கிறவன் மரத்துல தொங்குவான். பக்கத்துல கம்பி போனா மின்வாரியத்துல சொல்லி லைனை நிறுத்தாம ஏறவே கூடாது. தூர்ல காளான், காத்து அடிக்கிறப்ப ஒரு பக்கம் மண் விரிசல் இருந்தா கழிச்சுப் பிரயோசனமில்ல, மரம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

தோப்பு:
நுனி காயறது கடல் பக்கம் மட்டும்னா, இலை ஓரம் கருகியிருந்தா, அது உப்புக்காத்து. நல்ல தண்ணியால இலையைக் கழுவினா போதும். எல்லாப் பக்கமும் குச்சியோட காஞ்சிருந்தா நுனிக்கருகல் நோய். எட்டுறதை, பச்சைக்கட்டை அரை அடி சேர்த்து வெட்டி எரிச்சிடுங்க. சின்ன மரம்னா லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் (பூஞ்சாண மருந்து) அடிக்கலாம். இவ்வளவு பெரிய மரத்துக்கு மருந்தடிக்கிறது வீண்செலவு. பெரும்பாலும் மாசி, பங்குனியில தானே துளிர்த்துரும்.

தென்னையில பச்சை மட்டையைத் தொடாதீங்க. வெட்டுன இடத்து வாசத்துக்குத்தான் மரத்தைக் குடையுற சிவப்புக் கூன்வண்டு வரும். வெட்டியே ஆகணும்னா மரத்துலேர்ந்து 4 அடி மட்டையை விட்டு வெட்டணும். குருத்தைக் குடையுற காண்டாமிருக வண்டு வராம இருக்க, உள்குருத்துப் பக்கத்து 3 மட்டை இடுக்குல அந்துருண்டை மூணு, மேல மணல், 45 நாளைக்கு ஒரு தடவை.

உச்சிப்புளிக்காரன்:
மோதிரத் தடிப்பு சரியாத் தெரியலையேண்ணே?

கவாத்து:
மேல்பக்கம் கவட்டுல பட்டை சுருங்கி ஒரு கோடு மடிஞ்சிருக்கும். அதுக்கு வெளியே வாளை வச்சு, கீழ்நுனி மரத்தைவிட்டு விலகிப்போற மாதிரி லேசா சாய்ச்சு இறக்குங்க.